கல்லீரல் விழிக்கும் நிமிடம்

பிப்ரவரி முதல் சனிக்கிழமை, பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு டிகிரி குளிரில், லெப்பாசல்மி ஊர்ச் சபைக் கூடத்துக்கு வெளியே நூற்றுப் பத்துப் பேர் வரிசையில் நின்றார்கள். ஒருவருக்கும் அடுத்தவருக்கும் நடுவே ஒரு பசுமாட்டைத் தாராளமாக நிறுத்தலாம். இந்தப் பின்லாந்துக்காரர்கள் அப்படித்தான் நிற்பார்கள். நெருங்கி நின்றால் பேச வேண்டி வரும். பேசினால் பனியைப் பற்றிச் சொல்லி முடித்த பிறகு வேறு ஏதாவது சொல்ல வேண்டி வந்துவிடும். அதனால் வரிசை கூடத்து வாசலில் தொடங்கி, கல்லறைத் தோட்டத்தைச் சுற்றிக்கொண்டு, கூட்டுறவுக் கடை வரைக்கும் போயிருந்தது. தோட்டத்தில் படுத்திருந்தவர்களுக்கும் வரிசையில் நின்றவர்களுக்கும் அமைதியில் வித்தியாசமே இல்லை.

எதற்கு இந்த வரிசை? காலையில் எத்தனை மணிக்குக் காபி குடிப்பது என்று கேட்பதற்கு.

சிரிக்க வேண்டாம். பிள்ளைக்குப் பெயர் வைத்தால் காபி, பட்டம் வாங்கினால் காபி, வீடு விற்றால் காபி, ஆள் செத்தால் காபி என்று வாழ்கிற ஜனங்கள். ஆலைத் தொழிலாளர் ஒப்பந்தத்திலேயே காபி இடைவேளை எழுதியிருக்கிறது. அவர்களிடம் ஒருவர் வந்து, "நீங்கள் இத்தனை காலமாகத் தப்பான நேரத்தில் குடித்துக்கொண்டிருக்கிறீர்கள்" என்கிறார். மீனிடம் போய் "நீ நீந்துவது தப்பு" என்று சொன்ன மாதிரிதான். மீனாக இருந்தால் காதில் வாங்கியிருக்காது. மனிதன் வாங்கினான். அறுபது யூரோ கொடுத்தும் வாங்கினான்.

அந்த மகானின் பெயர் ஆர்மஸ் வலோனியுஸ். வெள்ளைத் தாடி, சாம்பல் நிறக் கம்பளி அங்கி, குழைவான குரல். ஜெர்மனியிலோ சுவிட்சர்லாந்திலோ, அவருக்கே நிச்சயமில்லாத ஏதோ ஒரு மலையூரில், பதினான்கு ஆண்டுகள் ஆராய்ச்சி செய்தாராம். ஆராய்ச்சியின் முடிவு இது: ஒவ்வொரு மனிதனுக்கும் காலையில் ஒரே ஒரு நிமிடம் இருக்கிறது. அதுதான் கல்லீரல் விழிக்கும் நிமிடம். முதல் காபி அந்த நிமிடத்தில் உள்ளே போனால் அமிர்தம். ஒரு நிமிடம் முந்தினாலும் பிந்தினாலும் விஷம். நடுநடுவே "ஹார்மோன்" என்று ஒரு வார்த்தையைத் தூவிக்கொள்வார். அந்த வார்த்தை வந்ததும் படித்தவர்களும் தலையாட்டிவிடுவார்கள்.

நிமிடத்தைக் கண்டுபிடிக்கும் கருவி ஒரு பித்தளைக் குண்டு. வெள்ளிச் சங்கிலியில் தொங்கும். வந்தவர் காபிக் கோப்பைக்கு மேலே கையை நீட்ட வேண்டும். அதற்கு மேலே குண்டு ஆடும்; ஆட்டத்தைப் பார்த்து அவர் நிமிடத்தைக் கணிப்பார். குண்டு தானாக ஆடுகிறதாம். சங்கிலியைப் பிடித்திருந்த கைக்கும் அந்த ஆட்டத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லையாம்!

இதையெல்லாம் கூடத்துச் சமையலறையின் பரிமாறும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள் சிர்கா. அவளுக்கு வயது ஐம்பத்தெட்டு. கல்யாணம், கருமாதி, ஞாயிறு வழிபாடு எதுவானாலும் அந்தக் கூடத்தில் காபி போடுகிறவள் அவள்தான். குண்டு ஆடுவதற்கு வேண்டிய நூற்றுப் பத்துக் கோப்பைக் காபியையும் அவள்தான் போட்டுக் கொடுத்தாள். குடிக்காமல் ஆறிப்போய்த் திரும்பி வந்த அந்தக் காபியைத் தொட்டியில் கொட்டும்போது அவளுக்கு வயிறு எரிந்தது.

அன்றைக்கு அவள் புருஷன் கலெர்வோவும் வரிசையில் நின்றார். மரம் அறுக்கும் ஆலையில் ரம்பங்களுக்குப் பல் கூர் போடுகிறவர். ஒரு நாளைக்கு இருபது வார்த்தை பேசினால் அதிகம். அந்த இருபதில் பதினெட்டைக் காலை ஆறேகால் மணிக்குச் சமையலறை மேசையில் சிர்காவுக்கு எதிரில் உட்கார்ந்து, காபியை உறிஞ்சிக்கொண்டே பேசுவார். மிச்சம் இரண்டு ஆலைக்கு. முப்பத்து மூன்று வருடமாக இப்படித்தான். மகள் பிறந்தபோது என்ன பெயர் வைக்கலாம் என்று முடிவு செய்தது ஆறேகாலுக்குத்தான். அவர் அம்மா இறந்த பிறகு அவர் அழுததும் ஆறேகாலுக்குத்தான். ஆறரைக்குக் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவார்.

அப்பேர்ப்பட்டவர் வரிசைக்கு வந்ததற்குக் காரணம் இருந்தது. இரவில் தூக்கம் வரவில்லை என்று ஜனவரியில் மருத்துவ நிலையத்துக்குப் போனார். நர்ஸ் கேட்டாள், "ஒரு நாளைக்கு எத்தனை காபி?" "ஒன்பது." "நாலா குறைச்சுக்கோங்க." அவ்வளவுதான். கையை வெட்டச் சொன்னதைப் போல மனிதர் ஒடுங்கிப்போனார்.

வலோனியுஸ் முன்னால் உட்கார்ந்ததும் கலெர்வோ அதைத்தான் முதலில் கேட்டார்.

"நர்ஸ் குறைக்கச் சொல்லுது."

"குறைக்கவா?" வலோனியுஸ் மெதுவாகச் சிரித்தார். "எண்ணிக்கையில ஒரு தப்பும் இல்லை ஐயா. நேரத்துலதான் தப்பு. முதல் கோப்பையை உங்க நிமிஷத்துல குடிச்சிடுங்க. அப்புறம் பத்து குடிங்க, பன்னெண்டு குடிங்க. தண்ணி மாதிரி போயிடும்."

வியாபாரத்தின் சூட்சுமமே இதில்தான் இருக்கிறது. விடச் சொல்கிறவர் டாக்டர். விட வேண்டாம் என்கிறவர் மகான். யார் வாசலில் வரிசை நீளும் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

கலெர்வோ கையோடு சிர்காவையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். அவளுக்கும் குண்டு ஆடியது. ஆளுக்கொரு அட்டையில் நிமிடத்தை எழுதி, உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்தார்கள். கூடவே அச்சடித்த தாள் ஒன்று. அதில் மூன்று நிபந்தனைகள். உன் நிமிடத்தை யாரிடமும் சொல்லாதே, சொன்னால் பலிக்காது. எந்தக் கோப்பையையும் தனியாகவே குடி, மேசையில் வேறொருவர் கோப்பையும் இருந்து இரண்டு காபியின் ஆவியும் கலந்தால் கல்லீரல் குழம்பிவிடும். நிமிடம் மனதில் பதிந்ததும் அட்டையை எரித்துவிடு.

புத்தியுள்ள எந்தத் திருடனும் முதலில் பார்ப்பது இதைத்தான்: வீட்டுக்காரர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளாமல் இருக்க வேண்டும். இந்த ஊரில் அதற்காக வலோனியுஸ் பெரிதாகப் பாடுபடத் தேவையில்லை. பாதி வேலை ஏற்கெனவே முடிந்திருந்தது.

சிர்காவுக்குக் கிடைத்தது ஒன்பது நாற்பத்தொன்று. வழக்கமாக ஐந்தரைக்கே ஒரு கோப்பை உள்ளே போட்டுப் பழகிய உடம்பு. எட்டு மணிக்கெல்லாம் நெற்றிப்பொட்டு தெறித்தது. போன் போட்டு வலோனியுஸிடம் கேட்டாள். "நல்ல அறிகுறி அம்மா. முப்பது வருஷ விஷம் வெளியே போகுது" என்றார். வலித்தால் விஷம் வெளியே போகிறது; வலிக்காவிட்டால் போய்விட்டது. எந்தப் பக்கம் விழுந்தாலும் அவர் சொன்னதுதான் சரி.

கலெர்வோவுக்கு என்ன நிமிடம் கிடைத்ததோ, அவர் சொல்லவில்லை. இருட்டில் எழுந்துபோய், முற்றத்தைத் தாண்டி, சௌனா என்கிற நீராவிக் குளியல் குடிலின் உடை மாற்றும் அறையில் தனியாக உட்கார்ந்து பிளாஸ்க்கிலிருந்து குடித்துவிட்டு வந்து மறுபடி படுத்துக்கொள்வார். ஆறேகாலுக்குச் சிர்கா மேசையில் உட்கார்ந்திருப்பாள். அவர் வெறும் ரொட்டியைத் தின்றுவிட்டு எழுந்துவிடுவார். கோப்பை கையில் இல்லாததால் அவருக்குப் பேச்சும் வரவில்லை. ஒரு வாரம் போயிற்று, இரண்டு வாரம் போயிற்று. முப்பத்து மூன்று வருடத்தில் முதல் தடவையாகச் சிர்காவுக்குத் தன் வீட்டிலேயே பயம் வந்தது. மனிதர் தன்னை விட்டு விலகிப் போகிறார் என்ற பயம்தான்.

ஊர் கெட்ட கேட்டையும் கேளுங்கள். ஆலையில் ஒன்பது மணிக்கு இடைவேளை மணி அடிக்கும். முப்பது பேரும் மேசையைச் சுற்றி வெறுங்கையோடு உட்கார்ந்திருப்பார்கள். மணி முடிந்து வேலை தொடங்கியதும் ஒவ்வொருவராக நழுவி, கழிப்பறையிலும் பலகை அடுக்குக்குப் பின்னாலும் நின்று குடிப்பார்கள். ஒரு காலையில் ரம்பம் பதினொரு தடவை நின்றது. ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டில் பாஸ்டரம்மா பாவ மன்னிப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது பத்து இருபத்து மூன்றுக்கு ஒரு போன் கிணுகிணுக்கும். பக்கத்து வீட்டு ஹில்கா கைப்பையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடுவாள். தன் காருக்குள் உட்கார்ந்து குடித்துவிட்டு, மன்னிப்பெல்லாம் முடிந்த பிறகு திரும்பி வருவாள்.

எல்லாவற்றையும்விட, மார்ச் முதல் வாரத்தில் பழைய தபால்காரர் இறந்த அன்று நடந்ததைத்தான் சிர்காவால் தாங்க முடியவில்லை. அடக்கம் முடிந்து கூடத்துக்கு வந்த நாற்பது பேரும் கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். செத்தவரைப் பற்றி யாரும் எதுவும் பேசவில்லை. அந்த விதவை ஒவ்வொரு மேசையாகப் போய், "ஏலக்காய் ரொட்டியாவது எடுத்துக்கோங்களேன்" என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். அன்றைக்குச் சமையலறையில் சிர்கா பாத்திரங்களை அடுக்கிய சத்தம் கல்லறைத் தோட்டம் வரைக்கும் கேட்டது.

அப்புறம்தான் அந்த அறிவிப்பு வந்தது.

மார்ச் கடைசி ஞாயிறு நெருங்கிக்கொண்டிருந்தது. கோடை வெளிச்சத்துக்காக நாடு முழுக்கக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கும் நாள். கூட்டுறவுக் கடைக் கதவில் வலோனியுஸ் ஒட்டியிருந்தார்: "அரசாங்கம் கடிகாரத்தை மாற்றலாம். கல்லீரலை மாற்ற முடியாது. பழைய நிமிடம் இனிச் செல்லாது. அனைவரும் புது நிமிடம் பெற்றுக்கொள்ளவும். வெள்ளி, சனி. பழைய வாடிக்கையாளர்களுக்கு நாற்பது யூரோ மட்டும்."

வரிசை மறுபடியும் கல்லறைத் தோட்டத்தைச் சுற்றியது.

சிர்காவும் போனாள். குண்டு ஆடியது. புது அட்டையில் எட்டு இருபத்தாறு என்று இருந்தது. அப்பாடா, ஒரு மணி நேரத்துக்கு மேல் தலைவலி மிச்சம் என்று சந்தோஷமாகத்தான் வீட்டுக்கு வந்தாள். சனிக்கிழமை சாயங்காலம், மறுநாளுக்காக அடுப்பின் கடிகாரத்தில் பொத்தானை அமுக்கி மணியைத் தள்ளி வைத்தாள். ஐந்து பத்து என்பது ஆறு பத்து ஆயிற்று. விரல் பொத்தானிலேயே நின்றுவிட்டது.

ஐந்து பத்து ஆறு பத்து ஆகிறது. ஆறேகால் ஏழேகால் ஆகிறது. அப்படியானால் ஒன்பது நாற்பத்தொன்று?

பத்து நாற்பத்தொன்று. ஒன்றாம் வகுப்புக் கணக்கு. கல்லீரல் இடத்தைவிட்டு நகரவில்லை, கடிகாரம்தான் நகர்ந்தது என்றால் ஒரு மணி நேரத்தைக் கூட்டினால் போதும். அதற்குக் குண்டு எதற்கு? நாற்பது யூரோ எதற்கு? எட்டு இருபத்தாறு எங்கிருந்து முளைத்தது?

வேலியைத் தாண்டி ஹில்காவிடம் ஓடினாள்.

"ஏன்டி ஹில்கா, உன்னோட பழைய நிமிஷம் என்ன? புதுசு என்ன?"

ஹில்காவின் முகம் சிவந்துவிட்டது. "ஐயையோ, அதையெல்லாமா கேப்பாங்க? உனக்கு வெக்கமே இல்லையா?"

யாருக்கு எவ்வளவு வருமானம், எவ்வளவு வரி என்று வருடா வருடம் பத்திரிகையில் பெயரோடு போடுகிற நாடு இது. அங்கே, காபி குடிக்கும் நேரத்தைக் கேட்டால் வெட்கமாம்!

"பத்து இருபத்து மூணு. போன் அடிக்கறது கோயிலுக்கே கேக்குது. அது தெரியும். புதுசு மட்டும் சொல்லேன்."

"சொன்னா பலிக்காது. போடி."

சிர்கா வீட்டுக்குத் திரும்பி, சௌனா வாசலில் போய் நின்றாள். உள்ளே கலெர்வோ அடுப்புக்கு விறகு போட்டுக்கொண்டிருந்தார்.

"கலெர்வோ, அந்த ஆளு சும்மா அடிச்சு விடறான்."

"ம்."

"ம்முன்னா என்ன? ஒரு மணி நேரம் கூடணும். எனக்கு ஒண்ணேகால் மணி நேரம் குறைஞ்சிருக்கு. உனக்கு எவ்வளவு?"

இன்னும் இரண்டு கட்டை அடுப்புக்குள் போயிற்று. பிறகு, "நிபுணருக்குத் தெரியாதா" என்ற குரல் வந்தது.

"நிபுணர் நாசமாப் போக. ஏழு வாரமா நீ என்கிட்ட ஒரு வார்த்தை பேசல. நான் சுவத்தைப் பாத்துக்கிட்டு ரொட்டி திங்கறேன். எனக்கு அது பிடிக்கல, கலெர்வோ."

உள்ளே விறகுக் கட்டை ஒன்று கீழே விழும் சத்தம் கேட்டது. சிர்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் போனாள். அன்றைக்கு அவள் முடிவு செய்துவிட்டாள்.

ஞாயிறு, வழிபாடு முடிந்து கூடத்தில் கூட்டம். வலோனியுஸ் நன்றியுரை ஆற்றினார். உரைக்கு முடிவில் ஆயுள் உறுப்பினர் திட்டம் ஒன்றும் வந்தது. ஒரே தடவை நானூறு யூரோ கட்டிவிட்டால் சாகும்வரை ஒவ்வொரு கடிகார மாற்றத்துக்கும் புது நிமிடம் இலவசம். பேனாவோடு படிவங்கள் மேசையில் இருந்தன. முதல் வரிசையில் கலெர்வோ உட்கார்ந்திருந்தார். படிவம் கையில் இருந்தது.

சிர்கா சமையலறையிலிருந்து ஏப்ரனோடு வந்தாள். கூடத்துச் சுவரில் பாட்டு எண் பலகை இருக்கும். அன்றைக்குப் பாடும் பாட்டுகளின் எண்களை மரச் சில்லுகளால் சொருகி வைக்கிற பலகை. இருநூற்றுப் பதின்மூன்றாம் பாட்டைப் பிடுங்கி மேசையில் வைத்தாள். பலகையின் இடப்பக்கம் 9 4 1 என்று சொருகினாள். வலப்பக்கம் 8 2 6.

"இடது பக்கம் இருக்கறது எனக்கு இவர் பிப்ரவரில குடுத்த நிமிஷம். வலது பக்கம் நேத்து குடுத்தது" என்றாள். "கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ளினோம். பத்து நாப்பத்தொண்ணு வந்திருக்கணும். எப்படி எட்டு இருபத்தாறு வந்துச்சுன்னு ஐயா சொல்லணும்."

நிமிடத்தை வெளியே சொல்லிவிட்டாளே என்று ஹில்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

வலோனியுஸ் பரிதாபமாகப் பார்த்தார். "அம்மா, வெளிச்சம் கூடிக்கிட்டு வருது. வசந்த காலம். கல்லீரல் வெளிச்சத்தைப் பாத்து நகரும்."

சிர்கா ஏப்ரன் பையிலிருந்து அச்சடித்த தாளை எடுத்தாள். "இது நீங்க குடுத்தது. படிக்கறேன். 'கோடையோ குளிரோ, இருளோ வெளிச்சமோ, கல்லீரலின் நிமிடம் ஆயுள் முழுக்க ஒரு விநாடிகூட நகராது. நகர்வது அரசாங்கக் கடிகாரம் மட்டுமே.' கீழே உங்க கையெழுத்து."

"பொதுவா நகராது. நீங்க விதியைச் சரியாக் கடைப்பிடிக்கல. சந்தேகப்படறவங்க கல்லீரல் நிலையா நிக்காது. இங்க வேற யாருக்காவது குறை இருக்கா?" என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார்.

கேட்டுவிட்டுக் காத்திருந்தார். நல்ல துணிச்சல்தான். இந்த ஊரில் கூட்டத்தில் எழுந்து பேசுவதைவிடப் பனிக்குழியில் குதிப்பது சுலபம் என்று அவருக்குத் தெரியும். அரை நிமிடம் போயிற்று. ஒருவரும் அசையவில்லை. தான் தனியாக நிற்கிறோம் என்று சிர்காவுக்கு விளங்கியது. முகம் கொதித்தது. பலகையிலிருந்து சில்லுகளைக் கழற்றக் கை நீட்டினாள்.

நாற்காலி ஒன்று கிறீச்சிட்டது. கலெர்வோ எழுந்து நின்றார்.

"நாலு அம்பது" என்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "எனக்கு நாலு அம்பது குடுத்தாரு. நேத்து ஏழேகால் குடுத்திருக்காரு. அஞ்சு அம்பதுதானே வரணும்?"

சிர்கா வாயைத் திறந்தபடி நின்றாள். ஒரே மூச்சில் இத்தனை வார்த்தைகள்!

"நான் சந்தேகமே படல" என்றார் கலெர்வோ. வலோனியுஸை நேராகப் பார்த்தார். "ஏழு வாரம் சௌனா ரூம்ல கம்பளியப் போத்திக்கிட்டுக் குடிச்சேன். பொண்டாட்டிகிட்டகூடச் சொல்லல. ஒரு நிமிஷம் தவறல. அப்ப என் கல்லீரல் ஏன் நகந்துச்சு?"

அடைப்பு உடைந்துவிட்டது. பின் வரிசையிலிருந்து ஹில்கா கத்தினாள், "எனக்குப் பத்து இருபத்து மூணு! இப்ப ஆறு ரெண்டாம்! ஆறு ரெண்டுக்கு நான் எழுந்திருக்கவே மாட்டேன்டா பாவி!" ஆலை போர்மேனுக்கு எட்டு முப்பது, இப்போது பதினொன்று. பாஸ்டரம்மாவும் மெல்லக் கை தூக்கினாள். அவளுக்குப் பழையதும் புதியதும் ஒரே ஏழு நாற்பது. அரசாங்கம் கடிகாரத்தை மாற்றியது அவள் கல்லீரலுக்கு மட்டும் தெரிந்துவிட்டது போலிருக்கிறது! சிர்கா சில்லுகளைச் சொருகிச் சொருகிக் கை ஓய்ந்துபோனாள். முப்பத்தேழு பேர் சொல்லி முடித்தார்கள். ஒருவருக்குக்கூட ஒத்துவரவில்லை.

முப்பத்தெட்டாவது ஆள் பஸ் ஓட்டுகிற ரைமோ. "எனக்கு முன்னாடி ஏழு அஞ்சு. இப்ப எட்டு அஞ்சு" என்றான்.

வலோனியுஸ் துள்ளி எழுந்தார். "பாருங்க! சரியா ஒரு மணி நேரம்! நம்பினவருக்கு நிமிஷம் நிக்குது!"

"நீங்க வேற, ஐயா" என்று ரைமோ கழுத்தைச் சொறிந்தான். "இந்த மாசம் என் டூட்டிய ஒரு மணி நேரம் தள்ளிட்டாங்க. எட்டு மணிக்கு பஸ் ஸ்டாண்டுல பத்து நிமிஷம் வண்டி நிக்கும், அதுக்குள்ள வர்ற மாதிரி பாத்துப் போட்டுக் குடுங்கன்னு நான்தானே உங்களக் கேட்டேன்?"

அந்தக் கூடம் கட்டிய நாளிலிருந்து அப்படி ஒரு சிரிப்பைக் கேட்டதில்லை. தபால்காரரின் விதவைகூடக் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள்.

வலோனியுஸ் பித்தளைக் குண்டைப் பையில் போட்டார். போர்மேன் வாசலில் போய் நின்றுகொண்டான். "பணத்தைத் திருப்பிக் குடுத்துட்டுப் போங்க. அவசரமில்ல. உக்காருங்க, ஒரு காபி குடிங்க" என்றான். இந்த ஊரில் போலீஸ் வரும்வரைக்கும் திருடனுக்குக்கூடக் காபி உண்டு. சிர்கா ஒரு கோப்பை ஊற்றிக் கொண்டுவந்து வைத்தாள். "உங்க நிமிஷம் என்ன ஐயா? தாண்டிப் போயிடுச்சா?"

வலோனியுஸ் கோப்பையைத் தள்ளி வைத்தார். களைத்துப்போயிருந்தார். அதனால் வாயிலிருந்து உண்மை வந்துவிட்டது. "எனக்கு வேண்டாம். வயித்துக்கு ஒத்துக்காது. நான் டீதான் குடிப்பேன்."

ஊர் அதிர்ந்துபோயிற்று. ஏமாற்றியதைக்கூட நாளடைவில் மன்னித்திருப்பார்கள்.

வலோனியுஸ் கையிலிருந்த பணத்தை அங்கேயே வைத்துவிட்டுப் போனார். மிச்சத்துக்கு அன்றைக்கே நுகர்வோர் அதிகாரிக்குப் புகார் எழுதினார்கள். எல்லாருக்கும் ஒரே கடிதம், கீழே தொண்ணூற்றாறு கையெழுத்து. கையெழுத்துப் போட வந்தவர்கள் கூடத்திலேயே உட்கார்ந்து காபி குடித்தார்கள். அன்றைக்குத்தான் தபால்காரரைப் பற்றிப் பேசினார்கள். அவர் நாய்களுக்குப் பயந்து கடிதங்களை வேலிக்கு மேலே வீசிய கதையை ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள்.

மறுநாள் காலை ஆறேகாலுக்குக் கலெர்வோ சௌனாவில் கிடந்த பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு முற்றத்தைத் தாண்டி உள்ளே வந்தார். பிளாஸ்க்கைக் கழுவி அலமாரியின் மேல் தட்டில் வைத்துவிட்டு மேசையில் உட்கார்ந்தார். சிர்கா ஊற்றினாள். இரண்டு கோப்பை ஆவியும் தாராளமாகக் கலந்தது. யாருடைய கல்லீரலும் குழம்பவில்லை.

"அந்த ரூம்ல மைனஸ் ரெண்டு" என்றார் கலெர்வோ.

"சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லக் கூடாதுன்னு எழுதியிருந்துச்சே."

"எவனோ அச்சடிச்ச தாளு சொன்னா கேப்ப. நான் சொன்னா கேக்க மாட்ட."

அவர் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். "இனிமே கேக்கறேன்" என்றார். பிறகு, "நேத்து படிவத்துல பேரெல்லாம் எழுதிட்டேன் தெரியுமா? கையெழுத்துதான் பாக்கி" என்றார். சிர்கா அவர் கையை மேசைமேல் பிடித்துக்கொண்டாள். இரண்டாவது கோப்பை ஊற்றப் போனபோது அவர் கையால் மூடினார். "நாலுதான்னு நர்ஸ் சொல்லியிருக்கு. ஆலைக்கு ரெண்டு, சாயங்காலம் ஒண்ணு வேணும்."

இதைப் படிக்கிறவர்கள் காலைக் காபியை ஆறுக்குக் குடியுங்கள், பத்துக்குக் குடியுங்கள், வேண்டாமென்றால் கீழே கொட்டுங்கள். அது உங்கள் இஷ்டம். உங்களுக்கு மட்டும் ஒரு ரகசியம் என்று சொல்லி, அதை யாரிடமும் சொல்லாதே என்று ஒருவன் காசு வாங்கினால், அன்றைக்கே அடுத்த வீட்டுக் கதவைத் தட்டி, உனக்கு என்ன சொன்னான் என்று கேளுங்கள். கல்லீரலைப் பற்றிக் கவலை வேண்டாம். அது ராப்பகலாகத் தூங்காமல்தான் வேலை பார்க்கிறது. விழிக்க வேண்டியது அதற்கு ஒன்றரை அடி மேலே இருக்கிறது.